டபிள்யூ

காங்கேசன்துறை வீதியில், என் கடையில்,
குளிர்காலம் லீற்றர் கணக்கில் விற்பனைக்கு உண்டு.
நம்பாவிட்டால் ரின்னைத் திருப்பிப் பாருங்கள்:
இருபது, ஒரு டபிள்யூ, ஒரு சிறுகோடு, ஐம்பது.
டபிள்யூ என்றால் விண்டர் என்று
கொழும்பிலிருந்து வந்த கொம்பனி ஆள் சொன்னான்,
சொல்லும்போதே வியர்வையைத் துடைத்தான்.
பங்குனி வெயில் தகரக்கூரையில் பொரிய
ஐந்து தட்டு நிறைய அடுக்கியிருக்கிறேன்
இங்கே ஒருவரும் கண்டிராத ஒரு பருவத்தை.

வருகிறவர்கள் இலக்கம் சொல்வதில்லை.
"தடிப்பானது தா பிள்ளை" என்பார் புத்தூர்ச் சிவக்கொழுந்தர்.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்து
பாகுப்பதம் பார்க்கிறமாதிரி இழுத்து இழுத்துப் பார்ப்பார்.
அவரது லாண்ட்மாஸ்ரர் கக்கும் நீலப்புகைக்கு
தடிப்புத்தான் மருந்து என்பது அவர் கட்சி.
ரிங் மாற்றவேண்டும் என்றால்
வெங்காயம் விலைபோகட்டும் என்பார்.
பாசையூர் மரியநேசனுக்கு விண்டரும் இல்லை, கோடையும் இல்லை:
சோளகத்தில் ஒரு கடல், வாடையில் இன்னொன்று.
எஞ்சின் இரண்டிலும் ஒரே ரூ-ரீயைத்தான் குடிக்கும்,
கடன் கொப்பியிலும் ஒரே பக்கம்.

ஹயஸ் ஓட்டுகிற கஜரூபன்தான் கேட்டான் சரியான கேள்வியை.
மார்கழி லீவுக்கு நுவரெலியா ட்றிப்.
முறிகண்டியில் தேங்காய் உடைக்கும்வரை ஒரே புழுக்கம்,
விடியப்புறம் அங்கே ஸ்ரார்ட் அடித்தால்
வான் காய்ச்சல்காரன் போல முனகுதாம்.
"முன்னுக்கு நிற்கிற இலக்கம் விடியற்காலைக்கு,
பின்னுக்கு நிற்கிறது மத்தியானத்துக்கு," என்றேன்.
"மத்தியானத்தை அதிகம் விட்டுக்கொடுக்காதே.
காலையைக் கொஞ்சம் இளக்கு."
பதினைந்து டபிள்யூ நாற்பது கொடுத்தேன், ஏழு லீற்றர்.
மீதிக் காசை எண்ணும்போது
தம்பியின் ஞாபகம் வந்து கணக்குப் பிசகியது.

எட்மன்ரன். அவனது முதல் மார்கழி.
அங்கே காலை ஏழு, இங்கே இரவு ஏழரை,
நான் கடைச் சட்டரை இழுத்துக்கொண்டிருந்தேன்.
சுகம்கூடக் கேட்கவில்லை.
"அக்கா, இதைக் கேள்," என்று
போனை எஞ்சினுக்குமேல் வைத்துவிட்டுப் போய்த்
திறப்பைத் திருகினான்.
க்ர்ர். நிறுத்தம். க்ர். பிறகு ஒன்றுமில்லை.
மைனஸ் முப்பத்தொன்று என்றான்.
"என்ன நம்பர் ஊத்தினனி?"
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்தான் கேட்டது.
"இருபது ஐம்பது."
"ஆரடா சொன்னது?"
"ஒருத்தரும் சொல்லேல்ல. கடையில நூறு ரின் இருந்தது,
எனக்குத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்டுதான்."

ஐந்து வருடம் கழித்து, நல்லூர்த் தேருக்கு முதல்நாள் வந்தான்.
சூட்கேசில் சொக்கிளேற் பெட்டிகளுக்கு நடுவே
பொலித்தீனால் நாலு சுற்றுச் சுற்றி ஒரு லீற்றர் கான்.
பூச்சியம் டபிள்யூ இருபது.
"உன்ர ஸ்கூட்டிக்கு. இதைவிட நல்லது உலகத்தில இல்லை."
அவன் ஊரில் இல்லைத்தான்.
என் ஸ்கூட்டியோ எழுபதாயிரம் கிலோமீற்றர் தேய்ந்தது.
இந்த வெயிலில் இது தண்ணீராய் ஓடிவிடும்,
உள்ளே எல்லாம் கடகடக்கும்.
"போட்டிட்டன், பூப்போல ஓடுது," என்று
அவன் திரும்பிப் போன கிழமையே பொய் சொன்னேன்.

அது மேல்தட்டில் இருக்கிறது, விலை ஒட்டவில்லை.

தையில் ஒரு காலை, இருபத்தொரு பாகை.
வீதியெல்லாம் குரங்குத்தொப்பியும் சுவெற்றரும்.
ஓட்டோக்காரர் ஒருவர் கையை
எஞ்சின்மேல் பிடித்துக் காய்ச்சிக்கொண்டு நின்றார்.
கானை இறக்கிக் காதோடு வைத்துச் சரித்தேன்.
உள்ளே ஏதோ சட்டென்று ஓடியது.
பக்கத்திலிருந்த இருபது ஐம்பதையும் சரித்தேன்;
அது யோசித்து யோசித்து வந்தது.

"அக்கா, அரை லீற்றர் ரூ-ரீ." மரியநேசன்.
"கொப்பியில எழுதுங்கோ, வாடை விடட்டும்."